மலிவு விலை மடக்குக் கத்திகள்: ராமநாதபுரம் கடற்கரையில் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் மடக்குக் கத்தி சேர்க்கிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. உப்புக்காற்று படாத ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி நம் கரைக்குப் பொருந்தாது. அதனால் பதில்களில் துரு அடிக்கடி தலைகாட்டும்.

மடக்குக் கத்தியில சேர்க்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் ஒண்ணுதானே?

அலகு கைப்பிடிக்குள் மடங்கும் என்பது மட்டும்தான் பொது. திறந்த அலகு எப்படி நிற்கிறது என்பதிலேயே வகைகள் பிரிந்துவிடும். முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்பது ஒரு வகை. பழைய பேனாக்கத்தி, பல கருவிகள் மடங்கியிருக்கும் சுவிஸ் கத்தி எல்லாம் இதில் சேரும். உள்தகடு வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்குவது லைனர் லாக். முதுகுப் பக்கம் கட்டை விரலால் அமுக்கினால் விடுபடுவது பேக் லாக். பிரான்சின் ஆப்பினல் கத்தியில் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். ஜப்பானின் மிக்கி ஊரில் செய்யும் ஹிகோனோகாமியில் லாக்கே கிடையாது. அலகின் வாலைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் ஒரு நாட்டின், ஒரு தொழிலின் தேவைக்காகப் பிறந்தவை. ஆப்பினல் 1890-ல் சவோய் மலைப்பகுதி உழவர்களுக்காக வந்தது. அதன் வளையம் 1955-ல் சேர்க்கப்பட்டது. பிரான்சின் தியேர் நகரத்து டூக்-டூக் 1929-ல் வந்தது, கைப்பிடி வெறும் மடித்த தகடு. எல்லாமே எளிய மனிதர்கள் வாங்கும் விலையில் செய்யப்பட்ட கத்திகள்.

மலிவுன்னா எவ்வளவு வரைக்கும்?

இந்தத் தொகுப்பில் 2,500 ரூபாய்க்குள். அதில் பாதிக்கு மேல் ஆயிரத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். நூறு ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றையும் ஒதுக்க வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க அவையும் தேவை.

மொத மொத வாங்குறதுன்னா எதெது வாங்கலாம்?

ஒரே மாதிரி மூன்று வாங்காமல் மூன்று வகையில் ஒவ்வொன்று வாங்குங்கள். முதுகு ஸ்பிரிங் கத்தி ஒன்று, ஆப்பினல் 8-ஆம் எண் ஒன்று (அலகு 8.5 சென்டிமீட்டர்), சீனத் தயாரிப்பில் லைனர் லாக் ஒன்று. இந்த மூன்றையும் ஒரு வருடம் கையில் வைத்துப் புழங்கினால் உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துவிடும். ஆப்பினலில் கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு உண்டு. கடற்கரையில் இருப்பவர் ஸ்டெயின்லெஸையே கேட்டு வாங்குங்கள். கார்பன் அலகு தீட்டுவதற்கு அருமையாக இருக்கும், ஆனால் பாம்பனில் ஒரு ராத்திரி ஜன்னலோரம் மறந்து வைத்தால் காலையில் செம்புள்ளி வந்திருக்கும்.

எவர்சில்வர்தானே, அப்பறம் ஏன் துருப் பிடிக்குது?

எஃகில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகும். அந்தப் படலம்தான் துருவைத் தடுக்கிறது. கடல் உப்பில் உள்ள குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். அதனால் ஸ்டெயின்லெஸ் அலகு முழுக்கச் சிவப்பாகாமல், ஊசியால் குத்தியது போன்ற குழிகளாகத் துருப்பிடிக்கும். மேலே துடைத்தால் போய்விட்டது போல் தெரியும், குழி உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

எங்கே தொடங்கும் என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளம், கம்பெனிப் பெயர் பொறித்த எழுத்துகள், அலகு சுழலும் ஆணியைச் சுற்றியுள்ள இடம், பாக்கெட் கிளிப்பின் அடிப்புறம்: இந்த நான்கையும் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னொன்று, மலிவுக் கத்திகளில் அலகுதான் நல்ல எஃகாக இருக்கும். ஸ்பிரிங், திருகு, உள்தகடு எல்லாம் மட்டமானதாக இருக்கலாம். “கத்தி துருப்பிடித்துவிட்டது” என்று கொண்டுவருபவர்களில் பலரது கத்தியில் அலகு சுத்தமாக இருக்கும், துரு திருகிலிருந்து வழிந்திருக்கும்.

காந்தம் ஒட்டுச்சுன்னா அது ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ் இல்லைன்னு சொல்றாங்களே?

தவறு. காந்தம் ஒட்டாதது சாப்பாட்டுத் தட்டு, டம்ளர் செய்யும் வகை எவர்சில்வர். அதைச் சூடாக்கிக் குளிர்த்துக் கடினமாக்க முடியாது, கூரும் நிற்காது. கத்திக்கான ஸ்டெயின்லெஸ் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும். ஒட்டவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அலகுல 3சிஆர்13, 8சிஆர்13எம்ஓவி, டி2ன்னு என்னென்னமோ போட்டிருக்கு. எது நல்லது?

சீனப் பெயர்களில் முதல் எண் கார்பன் அளவைச் சொல்லும். 3சிஆர்13-ல் கார்பன் ஏறக்குறைய 0.3 சதவீதம், 8சிஆர்13எம்ஓவி-ல் 0.8, இரண்டிலும் குரோமியம் சுமார் 13. கார்பன் கூடினால் கடினம் கூடும், கூர் அதிக நேரம் நிற்கும். ஆனால் அதே கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்வதால் துருவைத் தடுக்கும் சக்தி குறையும். மற்ற ஊர்க்காரர்கள் 3சிஆர்13 என்றாலே முகம் சுளிப்பார்கள். கடலோரத்தில் அது அவ்வளவு மோசமில்லை: சீக்கிரம் மழுங்கும், ஐந்தே நிமிடத்தில் திரும்பத் தீட்டிவிடலாம், துருவும் குறைவு.

டி2-வைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம், கார்பன் 1.5. பெயரளவில் ஸ்டெயின்லெஸுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் குரோமியத்தின் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகளாகி உட்கார்ந்துவிடுகிறது. மதுரையில் அழகாக இருக்கும் டி2 கத்தி தங்கச்சிமடத்தில் ஒரு வாடைக்காலம் தாண்டாது, எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்டால் ஒழிய. நம் கரைக்கு ஏற்ற மலிவு எஃகுகள் என்றால் ஸ்வீடனின் 12சி27, 14சி28என், சுவிஸ் கத்திகளில் வரும் ஜெர்மன் வகை எஃகு ஆகியவை. அவற்றுக்கு அடுத்துத்தான் 8சிஆர்.

“சர்ஜிக்கல் ஸ்டீல்”, வெறும் “440”, “ஜப்பான் ஸ்டீல்” என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்தத் தகவலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 440-க்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து வராதவரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கடையில நின்னுக்கிட்டே நல்ல கத்தியா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?

முதலில் மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் தேயும். முதுகு ஸ்பிரிங் கத்தியானால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. திறந்த நிலை, மூடிய நிலை இரண்டிலும் ஸ்பிரிங் கைப்பிடியின் முதுகோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், மேடு தட்டக்கூடாது.

பிறகு திறந்து, அலகின் நுனிக்கு அருகே முதுகைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். இலேசாக ஆடினால் பரவாயில்லை, சுழலும் திருகை எட்டில் ஒரு சுற்று இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். அடுத்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். லாக் உள்ள கத்தியில் இந்த ஆட்டம் இருந்தால் லாக் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

லைனர் லாக்கில் உள்தகடு அலகின் அடிப்பாகத்தில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏறியிருந்தால் நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டு நின்றால் வழுக்கும். மறுபக்கத் தகட்டை முட்டும் அளவு போயிருந்தால் இப்போதே தேய்ந்துவிட்டது. கடைசியாக, விரல்கள் எதுவும் அலகின் பாதையில் இல்லாதபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். லாக் நழுவினால் அந்தக் கத்தி எந்த விலைக்கும் வேண்டாம். ரிவெட் அடித்ததைவிடத் திருகு போட்டதே கடற்கரைக்கு நல்லது, கழற்றிக் கழுவலாம். டி6, டி8 நட்சத்திரப் பிட்டுகள் (திருப்புளி முனைகள்) இரண்டும் கையில் இருந்தால் போதும்.

ரெண்டு கத்தியை எப்படி ஒப்பிடுறது? இதுதான் நல்லா வெட்டுதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பெட்டியிலிருந்து எடுத்த கூரோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. அது தொழிற்சாலையில் கடைசியாகப் பிடித்த சாணையின் தரத்தைத்தான் காட்டும். ஒப்பிட வேண்டிய எல்லாக் கத்திகளையும் முதலில் ஒரே கோணத்தில், ஒரே கல்லில், ஒரே முடிவு வரை தீட்டிக்கொள்ளுங்கள் (எப்படி என்பது அடுத்த கேள்வியில்). மலிவுக் கத்திகளைப் பற்றிய வாய்ச்சண்டைகளில் பெரும்பங்கு இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடும். கத்தியின் பெயரும் எஃகின் பெயரும் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் காட்டாது. அலகின் தடிமன்தான் காட்டும்.

அதை அளக்க ஒரு வெர்னியர் போதும். கூரிலிருந்து 1 மில்லிமீட்டர் மேலே அலகின் தடிமனை எடுங்கள். 0.3 முதல் 0.5 வரை இருந்தால் நன்றாக நறுக்கும். 0.8-க்கு மேல் போனால் எவ்வளவு தீட்டினாலும் பிளக்கத்தான் செய்யும். மாங்காயோ கேரட்டோ வைத்துச் சோதித்தால் சத்தமே சொல்லிவிடும்: மெல்லிய அலகு ஓசையில்லாமல் இறங்கும், தடித்த அலகு பாதி வழியில் “டக்” என்று துண்டை உடைக்கும். உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும்.

கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க அட்டைப்பெட்டி நல்லது. அலகில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு மார்க்கரால் குறித்துக்கொண்டு அந்தப் பகுதியால் மட்டும் நீள நீளமாக வெட்டுங்கள். ஒவ்வொரு 5 மீட்டருக்கும் ஒருமுறை செய்தித்தாளின் ஓரத்தை நறுக்கிப் பாருங்கள். தாள் கிழியத் தொடங்கும் அளவைக் குறித்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியின் அட்டை வேண்டும். மறுநாள் வரிசையை மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள், ஏனென்றால் கடைசிக் கத்திக்கு வரும்போது கை சோர்ந்திருக்கும். கடற்கரையில் கிடக்கும் பழைய வலைக்கயிற்றைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். புரிக்குள் மணல் இருக்கும், முதல் வெட்டிலேயே எந்தக் கூரையும் தின்றுவிடும்.

துருச் சோதனையும் செய்யலாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 35 கிராம் உப்பு கரைத்தால் ஏறக்குறைய கடல்நீர். அதில் நனைத்த டிஷ்யூ தாளை எல்லா அலகுகளிலும் ஒரே அகலத்துக்குச் சுற்றி ஒரு ராத்திரி வைத்து, காலையில் பிரித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழி விழலாம் என்பதால் புழங்கும் கத்தியில் மட்டும் செய்யுங்கள், பழைய கத்திகளில் வேண்டவே வேண்டாம்.

தீட்டுறதுக்கு என்ன கல்லு வாங்கணும்? சாணைக்காரர்கிட்ட குடுத்தா ஆகாதா?

தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஏற்றது. சின்ன அலகை அதில் வைத்தால் நொடியில் சூடேறி விளிம்பின் கடினம் போய்விடும். விளிம்பில் நீலமோ வைக்கோல் மஞ்சளோ தெரிந்தால் சூடேறியது உறுதி.

கல் இரண்டு வேண்டும்: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கல் ஒன்று, தண்ணீரில் நனைத்துத் தீட்டும் நயமான 1000 கிரிட் கல் ஒன்று. கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு, முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் உயர்ந்தால் அந்தக் கோணம் வரும். அந்த உயரத்துக்கு அட்டைத் துண்டுகளை அடுக்கி, முதுகை அதன்மேல் வைத்துக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். விளிம்பு முழுக்க மார்க்கர் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பின் நுனியில் போயிருந்தால் கோணம் சரி; மேலே மட்டும் போயிருந்தால் முதுகைத் தூக்க வேண்டும்.

ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்கத்தில் பிசிர் எழும். விரல் நுனியை முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் தடவினால் மெல்லிய கொக்கி போல் மாட்டும். அடியிலிருந்து நுனி வரை அது வரும்வரை பக்கம் மாற்றக் கூடாது. வந்தபின் மறுபக்கம் அதே போல். பிறகு 1000 கல்லில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பக்கத்துக்குப் பத்து முறை, முதுகு முன்னே போகும்படி இழுங்கள். மலிவு எஃகில் பிசிர் சுலபத்தில் விடாது, மடிந்து மடிந்து நிற்கும். “தீட்டினேன், நல்லா வெட்டுச்சு, ரெண்டு வெட்டுல போச்சு” என்றால் வெட்டியது கூர் இல்லை, அந்தப் பிசிர்.

ஆப்பினல் மழைக்காலத்துல திறக்கவே மாட்டேங்குது. கத்தி கெட்டுப்போச்சா?

கெடவில்லை, பீச் மரக் கைப்பிடி ஈரத்தை இழுத்து உப்பிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். நகத்தால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள், அலகு திடீரென்று விடுபட்டு விரலை வாங்கும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டு தட்டுங்கள். அலகின் நுனி வெளியே எழும்பும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் வெயில் காலத்தில் செய்யுங்கள். கைப்பிடி நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அலகு உட்காரும் பள்ளத்தின் இரு பக்கங்களையும் ஒரு ஐஸ் குச்சியில் 220 உப்புத்தாளைச் சுற்றி இலேசாகத் தேயுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி, ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று முறை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும்.

என்ன எண்ணெய் போடலாம்? தேங்காயெண்ணெய் போதாதா?

ஒரு வாரத்துக்குப் போதும், ஒரு வருடத்துக்குப் போதாது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், சுழலும் இடத்தில் பசை போல் இறுகும். தையல் மிஷின் எண்ணெய் சுழலும் இடத்துக்கு ஒரு சொட்டு. பழம், மீன் நறுக்கும் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்: வாடை இல்லை, கெடாது, உணவில் பட்டாலும் பயமில்லை. பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள், மிச்ச எண்ணெயில் மணல்தான் ஒட்டும்.

வள்ளத்துல தொழிலுக்குக் கொண்டு போக மடக்குக் கத்தி சரியா வருமா?

மீன்பிடித் தொழிலுக்கு மடங்காத கத்திதான் சரி. செதிலும் மணலும் மடக்கும் இடத்தில் ஏறி அவசரத்தில் திறக்காமல் போகும். கூடவே ஒன்று வைத்துக்கொள்வதென்றால் முனை மழுங்கிய, பாதி அலகு பல்லாக உள்ள கத்தி எடுங்கள். பிளாஸ்டிக் கயிறும் நைலான் நரம்பும் பல்லுக்குச் சீக்கிரம் மசியும். மழுங்கிய முனை அலை ஆட்டத்தில் குத்தாது. கைப்பிடியில் ஓட்டை இருந்தால் கயிறு கோத்து இடுப்பில் கட்டுங்கள்.

கரைக்கு வந்ததும் திறந்தபடியே நல்ல தண்ணீரில் அமுக்கி, பத்து முறை மடக்கி விரித்து, உதறி, நிழலில் காயவைத்து, மேலே சொன்ன எண்ணெய். உப்புநீரோடு மடக்கி வைத்த கத்தியைப் பிறகு எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

கார்பன் அலகைப் புளி தடவி கருப்பாக்கினா துருவே பிடிக்காதாமே?

பாதி உண்மை. புளியின் அமிலம் எஃகின் மேல் கருஞ்சாம்பல் நிறப் படலத்தை உண்டாக்கும், அது செந்துருவைத் தாமதப்படுத்தும். தடுக்காது, எண்ணெய் தேவைதான்.

செய்வதானால் புளியைக் கவனியுங்கள். நம் வீடுகளில் வருடத்துக்கு வாங்கிக் கல் உப்பு சேர்த்துப் பானையில் அடைத்த புளி இதற்கு ஆகாது. அந்த உப்பே குழி பறிக்கும். உப்பு போடாத புதுப் புளியைக் கெட்டியாகக் கரைத்து, சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசை போக்கிய அலகில் தடவி அரை மணி நேரம் விடுங்கள். கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை அலசி, துடைத்து, எண்ணெய் போடுங்கள். கருப்பு போதாவிட்டால் மறுபடி செய்யலாம். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் தொட்ட இடம் வெள்ளையாகத் தங்கும்.

எங்க வாப்பா சபுர்லேருந்து கொண்டாந்த பழைய பேனாக்கத்தி ஒண்ணு இருக்கு. எந்தக் காலத்துதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் வீட்டுப் பெட்டிகளில், சபுர் (கடல் கடந்த பயணம்) போனவர்கள் கொண்டுவந்த இப்படிப்பட்ட நல்ல கத்திகள் கிடக்கின்றன. அலகு மடங்கும் அடிப்பாகத்தில் பொறித்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். நாட்டின் பெயரே காலத்தைச் சொல்லும். “வெஸ்ட் ஜெர்மனி” என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. “ஆக்குபைட் ஜப்பான்” என்றிருந்தால் போருக்குப் பின் அமெரிக்கா தலைமையிலான படைகள் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காலம், அதாவது 1952-க்கு முந்தியது. “யுஎஸ்எஸ்ஆர்” என்றால் 1991-க்கு முந்தியது. “சோலிங்கன்” என்பது ஜெர்மனியின் கத்தி நகரம். 1938 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இருந்தும் போலி முத்திரை உண்டு, அதனால் பெயரை மட்டும் நம்பாமல் கடையில் பார்க்கச் சொன்ன சோதனைகளையும் செய்யுங்கள்.

அலகுகளின் அகலத்தையும் பாருங்கள். பல வருடம் தீட்டிய அலகு மூடும்போது பள்ளத்துக்குள் ஆழமாகப் போய்விடும், நுனி ஒரு பக்கம் சரிந்திருக்கும். தேயாத அலகோடு இருப்பது அபூர்வம்.

அதை பளபளன்னு பாலிஷ் போட்டு வைக்கவா?

வேண்டாம். முத்திரை தேய்ந்தால் கத்தியின் வரலாறே போனது. செந்துருவை மட்டும் எண்ணெயும் பித்தளைக் காசின் விளிம்பும் கொண்டு சுரண்டுங்கள், கருமையை விட்டுவிடுங்கள்.

கைப்பிடி ஆமை ஓடு போலவோ முத்துச்சிப்பி போலவோ மினுங்கும் பழைய பிளாஸ்டிக்காக இருந்தால், அலகைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு. அது நாள்பட்டுச் சிதையும்போது அமில ஆவி விடும். பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும், பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பூக்கும். தீயும் சட்டென்று பற்றும். தனியாக, காற்றோட்டமாக, வெயில் படாமல் வையுங்கள்.

கைப்பிடி தந்தம், மான் கொம்புன்னு சொல்லி விக்கிறாங்க. வாங்கலாமா?

வாங்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி தந்தம், மான் கொம்பு, ஆமை ஓடு வாங்குவதும் விற்பதும் குற்றம். வீட்டில் பரம்பரையாக இருப்பதானால் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தம் என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் மாட்டெலும்பு. பூதக்கண்ணாடியில் கரும்புள்ளிகளும் சிறு கோடுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும்.

டமாஸ்கஸ் அலகு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே, உண்மையானதா?

அலகின் முதுகைப் பாருங்கள். டமாஸ்கஸ் என்பது வெவ்வேறு எஃகை அடுக்கி அடித்துச் செய்தது; உண்மையான அடுக்கு எஃகில் பக்கவாட்டில் தெரியும் கோடுகள் முதுகிலும் தொடரும். முதுகு வெறுமையாக இருந்து பக்கத்தில் மட்டும் அலையலையாக இருந்தால் அது லேசரில் வரைந்த படம். சுவிஸ் கத்திப் போலியும் இப்படித்தான், கண்ணுக்கு ஒத்துப்போகும், கைக்கு ஒத்துப்போகாது. அசலில் ஒவ்வொரு கருவியும் திறக்கும்போதும் மூடும்போதும் “பட்” என்று உட்காரும், நடுவில் எங்கும் தளராது.

எங்க வைக்கிறது? பீரோவுலயே துருப்பிடிக்குது.

தோல் உறையில் வைத்தால் துருப்பிடிக்கும், தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் அலகோடு ஒட்டிக்கிடக்கும். ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா எடுத்து, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, இலேசான சூட்டில் உலர்த்தினால் நீலம் திரும்பும். டப்பாவைக் காலையில் திறக்காதீர்கள், வெயில் ஏறிக் காற்று காய்ந்தபின் திறங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவுக்குப் பூட்டு கட்டாயம்.

போலீஸ் பிடிச்சா என்ன ஆகும்? பாக்கெட்டுல வச்சிருக்கலாமா?

ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைக் கூரிய ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை அதில் வராது. இங்கே பேசும் கத்திகள் எல்லாம் அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் நீளம் மட்டும் காப்பாற்றாது. எங்கே, எதற்கு வைத்திருந்தீர்கள் என்பதுதான் கேள்வியாக வரும். பிரச்சினை நடக்கும் இடத்தில், ஊர்வலத்தில், கூட்டத்தில் சின்னப் பேனாக்கத்தியும் பதில் சொல்ல வைக்கும்.

பட்டனை அழுத்தினால் பாயும் கத்தியைச் சேர்ப்பில் வைக்காதீர்கள். டெல்லியில் 1980-லேயே அதற்கென்று தனி அறிவிப்பு வந்தது: அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ள ஸ்பிரிங் கத்திக்கு உரிமம் வேண்டும். வெளியூர் போகிறவர் அந்த ஊர் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் குட்டிச் சுவிஸ் கத்தியும் சேர்த்துத்தான். சோதித்து உள்ளே அனுப்பும் பெட்டியில் போடுங்கள். சோதனை உள்ள கோயிலுக்குப் போகும்போது அறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாள்ல வாங்கினோம். அண்ணன் கத்தி கூர் நிக்குது, எனக்கு நிக்கல. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. முதலில் பிசிரைச் சந்தேகப்படுங்கள், தீட்டும் கேள்வியில் சொன்னபடி அதுதான் அடிக்கடி. அது இல்லையென்றால் விளிம்பு வெந்திருக்கலாம். தொழிற்சாலையில் கடைசிக் கூர் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் பிடிக்கப்படுகிறது. அலகின் உடம்பு குளிர்ந்திருந்தாலும் முடியளவு மெல்லிய நுனி சூடேறி மென்மையாகிவிடும். இப்படிப்பட்ட கத்தி முதல் மூன்று நான்கு தீட்டல்வரை ஏமாற்றும். வெந்த பகுதி தேய்ந்து உள்ளே இருக்கும் நல்ல எஃகு வந்ததும் சரியாகிவிடும். அதனால் மலிவுக் கத்தியை முதல் தீட்டலை வைத்து ஒதுக்காதீர்கள். ஒப்பிடும் சோதனையையும் நான்காவது தீட்டலுக்குப் பிறகு செய்வதே நியாயம்.

நான்கு முறை தீட்டியும் நிற்கவில்லை என்றால் சூட்டு வேலையை (அலகைச் சூடாக்கிக் குளிர்த்துக் கடினமாக்கியதை) சந்தேகப்பட வேண்டும். ஒரு புது அரத்தின் மூலையை அலகின் முதுகில், கைப்பிடிக்கு ஒட்டிய மறைவான இடத்தில் இலேசாக இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினம் இருக்கிறது, கோணத்தை 20-லிருந்து 22 ஆக்கிப் பாருங்கள். அரம் கடித்துத் துகள் விழுந்தால் எஃகு மென்மை, அதை மாற்ற முடியாது. அப்படிப்பட்டதைத் தீட்டிப் பழகும் கத்தியாக ஒதுக்கிவைத்துவிட்டு, கைப்பிடியில் ஒரு சீட்டு ஒட்டி வாங்கிய கடை, விலை, அரம் காட்டிய முடிவு மூன்றையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே மாடலை யாராவது நீட்டும்போது எடுத்துக் காட்டலாம்.